மையும் மணமும் விற்ற மாதரசி

ஹெலினா ரூபின்ஸ்டீனின் வாழ்க்கைக் கதை

1941-ம் ஆண்டு. நியூயார்க் நகரத்தில் பெரிய பெரிய கடைகள் அணிவகுத்து நிற்கும் ஐந்தாவது அவென்யூ. கடைவீதிக்கு வந்த ஜனங்கள் திடீரென்று அண்ணாந்து பார்த்தார்கள். ஆகாயத்திலிருந்து வெளிர்நீலப் பலூன்கள் நூற்றுக்கணக்கில் ஆடி அசைந்து இறங்கிக்கொண்டிருந்தன! ஒவ்வொரு பலூனிலும் சின்னஞ்சிறு வாசனைப் புட்டி ஒன்று கட்டியிருந்தது. சொர்க்கத்திலிருந்து வந்த பரிசு இது என்று சொல்லும் சீட்டு ஒன்றும் அதனுடன் இருந்தது.

வாசனைத் திரவியத்தின் பெயர் 'ஹெவன் சென்ட்'. இந்தச் 'சென்ட்' நாம் கைக்குட்டையில் தெளித்துக்கொள்ளும் சென்ட் அல்ல. சொர்க்கம் அனுப்பியது என்பது அதன் பொருள். ஆனால் அதை அனுப்பியது சொர்க்கம் அல்ல. ஐந்தடி உயரம்கூட இல்லாத, கருங்கூந்தலை இழுத்துப் பின்னிக் கொண்டையிட்ட, அறுபத்தெட்டு வயது மூதாட்டி ஒருவர்தான். வயதைக் கேட்டிருந்தால் அவர் அறுபத்தெட்டு என்று சொல்லியிருக்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

சென்ட் வாங்கும் வழக்கமுள்ளவர்களுக்கு இந்தப் பலூன் வித்தையின் சூட்சுமம் விளங்கும். புட்டியின் வாயில் மூக்கை வைத்து முகர்ந்தால் வாசனையின் முதல் வீச்சுத்தான் தெரியும். அது சில நிமிஷங்களில் பறந்துவிடும். உண்மையான மணம் தோலின் சூட்டில் மெல்ல மெல்ல எழுந்து வர வேண்டும். அக்காள் மேனியில் மல்லிகையாக மணக்கும் அத்தர் தங்கை மேனியில் வேறு விதமாக மணப்பதும் உண்டு. மணிக்கட்டில் ஒரு துளி வைத்து, வீட்டு வேலையைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்து பார்ப்பவள்தான் ஏமாறாமல் வாங்குகிறவள். கடையில் நிற்கும் அவசரத்தில் அதற்கு நேரம் ஏது? ஆகையால் புட்டியையே கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார் அந்த மூதாட்டி. பிடித்துப்போனவர்கள் தாமாகவே கடைக்கு வந்தார்கள்.

அவர்தான் ஹெலினா ரூபின்ஸ்டீன்.

எட்டுப் பெண்களில் மூத்தவர்

போலந்து தேசத்திலுள்ள கிராக்கோ நகரம் அக்காலத்தில் ஆஸ்திரிய சக்கரவர்த்தியின் ஆளுகையில் இருந்தது. அந்த ஊர் யூதர் குடியிருப்பில் 1872-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி ஹெலினா பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹாயா. தகப்பனார் சிறு வியாபாரி. வீட்டில் எட்டும் பெண் குழந்தைகள், ஹெலினாதான் மூத்தவர். எட்டுப் பெண்களைக் கரையேற்ற வேண்டிய தகப்பனாரின் கவலையைச் சொல்லவா வேண்டும்? மூத்தவளுக்கு ஒரு வரன் பார்த்தார். மகள் மாட்டேன் என்று மறுத்துவிட்டார். வீட்டில் பூசல் முற்றியது. முதலில் வியன்னாவிலுள்ள சித்தி வீட்டுக்குப் போனார் ஹெலினா. பிறகு 1896-ல் கப்பலேறிவிட்டார். எங்கே? பூமியின் மறுகோடியிலுள்ள ஆஸ்திரேலியாவுக்கு! அங்கே கோல்ரெய்ன் என்ற சிற்றூரில் தாய்மாமன் ஒருவர் கடை வைத்திருந்தார்.

கப்பல் பதிவில் வயதை இருபது என்று எழுதச் சொன்னார். உண்மையில் அப்போது அவருக்கு இருபத்துமூன்று. அன்று தொடங்கிய அந்த வழக்கத்தை ஆயுள் முழுவதும் அவர் விடவில்லை.

பெட்டியில் தாயார் கொடுத்த பன்னிரண்டு ஜாடி முகக்களிம்பு இருந்தது என்பது ஹெலினாவே பிற்காலத்தில் சொன்ன கதை. கோல்ரெய்ன் ஊர்ப் பெண்களோ வெயிலிலும் வறண்ட காற்றிலும் முகம் கன்றிப் போயிருந்தவர்கள். இந்தப் பெண்ணின் தோல் மட்டும் எப்படிப் பால்போல் இருக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். ஜாடிகள் தீர்ந்தன. மேற்கொண்டு களிம்புக்கு எங்கே போவது?

ஆட்டுக் கொழுப்பும் லாவெண்டரும்

அந்தப் பிரதேசமே மெரினோ ஆடுகளின் பூமி. ஆட்டு ரோமத்தில் இயற்கையாகவே ஒருவகைக் கொழுப்புண்டு. லனோலின் என்று பெயர். தோலுக்கு அது மிகவும் நல்லது. ஒரே ஒரு குறை, நாற்றம்! ஈரக் கம்பளியின் வாடை எவருக்குத்தான் பிடிக்கும்? அந்த வாடையை அடக்க லாவெண்டர், பைன் மரப்பட்டை, அல்லி மலர் என்று பலவற்றையும் கலந்து பார்த்தார் ஹெலினா. கொழுப்பு பக்குவப்படுத்தியது, வாசனை விற்றது. முகப்பூச்சு வியாபாரத்தில் மூக்குக்கு உள்ள அதிகாரத்தை அவர் கற்றுக்கொண்டது ஆட்டுப்பட்டிகளுக்கு நடுவில்தான்.

மாமனோடு ஒத்துப்போகவில்லை. மெல்போர்ன் நகரத்துக்கு வந்து தேநீர் விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தார். பணம் திரட்டி, 1903 வாக்கில் சொந்தமாகக் கடை திறந்தார். களிம்புக்கு 'வலாஸ்' என்று பெயர் சூட்டினார். கார்ப்பேத்திய மலை மூலிகைகளிலிருந்து ஐரோப்பிய வைத்தியர் ஒருவர் தயாரித்தது என்று விளம்பரம் செய்தார். ஆட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை! பத்துப் பென்ஸ் அடக்கவிலையுள்ள ஜாடி ஆறு ஷில்லிங்குக்கு விற்றது என்பார்கள். மலிவாக விற்றால் பெண்கள் அதை மதிக்கமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு நேர்மையானதா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். பலித்தது என்பது மட்டும் நிச்சயம்.

மையிட்டால் அவமானம்!

1908-ல் லண்டனில், பிரதமராயிருந்த சாலிஸ்பரி பிரபு முன்பு வசித்த மாளிகையில் ஹெலினா அழகு நிலையம் திறந்தார். அதே ஆண்டில் எட்வர்ட் டைட்டஸ் என்ற பத்திரிகையாளரை மணந்தார்.

அக்காலத்து ஐரோப்பாவில் கண்ணுக்கு மை தீட்டுவது நாடகக்காரிகளின் காரியம். அல்லது அதைவிட இழிவாகப் பேசப்பட்ட பெண்களின் காரியம். குடும்பப் பெண்கள் பவுடர் போட்டால்கூட அதைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள். பிறந்த குழந்தைக்கே மையிடும் நம் நாட்டவருக்கு இது வேடிக்கையாக இருக்கும்! லண்டன் சீமாட்டிகள் முகத்திரை அணிந்து, வண்டியைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு, ஹெலினாவின் நிலையத்துக்கு நடந்து வந்தார்களாம். பிரதமரின் மனைவியான மார்கோ ஆஸ்குவித் ஒளிவுமறைவு பார்க்காதவர். அவர் தம் முகத்தில் வண்ணம் தீட்டிப் பார்க்கத் துணிந்தார். பெரிய இடத்துப் பெண்மணி வழி காட்டினால் மற்றவர்கள் பின்தொடரக் கேட்க வேண்டுமா?

அப்போது ரஷ்ய நடனக் குழுவினர் பாரிஸிலும் லண்டனிலும் ஆடிக்கொண்டிருந்தார்கள். கருமையும் நீலமும் தீட்டிய அவர்கள் கண்களைக் கண்டு நகரமே மயங்கியது. மேடைக்குரிய அந்தக் கனத்த வண்ணத்தை வீட்டுப் பெண்ணுக்கு ஏற்றபடி எப்படி இளக்குவது? மேடையில் பத்தாவது வரிசைக்குத் தெரியத் தீட்டுகிறார்கள். வீட்டிலோ எதிரே அமர்ந்து தேநீர் அருந்துகிறவருக்குத் தெரியக்கூடாது. இமையோரத்தில் மட்டும் வண்ணத்தை வைத்து, விரல் நுனியால் மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, எங்கே முடிகிறது என்று புலப்படாமல் கரைத்துவிட வேண்டும். கண்ணின் வெளிக்கோடியில் சற்று அழுத்தம். மூக்கின் பக்கம் லேசு. பகலுக்கு ஒரு பூச்சு, இரவு விளக்குக்கு இன்னொரு பூச்சு. இந்த மாதிரி நுணுக்கங்களைத்தான் அழகு நிலையங்கள் வாடிக்கைக்காரிகளுக்குக் கற்றுக்கொடுத்தன.

1912-ல் பாரிஸிலும் நிலையம் திறந்தாயிற்று. டைட்டஸ் இலக்கியப் பிரியர், நல்ல ரசிகர். ஆனால் கட்டுக்கடங்காத கணவர். அவர் ஒவ்வொரு முறை வழி தவறும்போதும் ஹெலினா தமக்கு முத்துமாலை வாங்கிக்கொண்டார்! அப்படிச் சேர்ந்த நகைகளைச் சண்டை நகைகள் என்றே அழைத்தார். ராய், ஹோரஸ் என்று இரண்டு பிள்ளைகள். தாயார் ஊர் ஊராகக் கடை திறந்துகொண்டிருக்க, அவர்கள் தாதியரிடம் வளர்ந்தார்கள். இந்தக் குறையை எந்த முத்துமாலையும் ஈடுசெய்யவில்லை.

அமெரிக்காவில்

முதல் உலக யுத்தம் மூண்டதும் குடும்பத்துடன் அமெரிக்கா சென்றார். 1915-ல் நியூயார்க்கில் நிலையம் திறந்தார். அங்கே எலிசபெத் ஆர்டன் என்ற இன்னொரு பெண்மணி அதே தொழிலில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். இருவருக்கும் சுமார் ஐம்பது ஆண்டுப் பகை. எலிசபெத் தம் சிப்பந்திகளைக் கூண்டோடு இழுத்துக்கொண்டதற்குப் பதிலாக, எலிசபெத்தின் முன்னாள் கணவரையே வேலைக்கு அமர்த்தினார் ஹெலினா! சில தெருக்கள் தள்ளித்தான் இரண்டு நிலையங்களும். ஆனாலும் இருவரும் நேருக்கு நேர் சந்தித்துப் பேசியதே இல்லை.

1917-ல் 'கிளியோபாத்ரா' படத்தில் நடித்த தீடா பாராவின் கண்கள் அமெரிக்காவையே கிறங்க அடித்தன. அந்த மை அலங்காரத்துக்கு யோசனை கொடுத்தவர் தாமே என்று ஹெலினா பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எது எப்படியோ, சினிமாக் கொட்டகையிலிருந்து வெளியே வந்த தட்டெழுத்துக்காரிகளும் கடைப் பெண்களும் கண்ணாடி முன் நின்று அந்தக் கண்களைத் தங்கள் முகத்தில் தேட ஆரம்பித்தார்கள்.

ஆனால் இமை மை இடுவது எளிதாக இருக்கவில்லை. அன்றைய மை சோப்பும் கரியும் கலந்து இறுக்கிய சிறு வில்லை. தூரிகையை நனைத்து வில்லையில் தேய்க்க வேண்டும். தண்ணீர் கிடைக்காவிட்டால் எச்சிலே துணை! இமை மயிரின் அடியிலிருந்து நுனிக்கு இழுத்து, காயவிட்டு, ஒட்டிக்கொண்ட மயிரை இன்னொரு தூரிகையால் பிரித்துவிட வேண்டும். தண்ணீர் கூடினால் வழியும், குறைந்தால் கட்டி தட்டும். கண்ணில் பட்டால் சோப்பு எரியும். மழை பெய்தாலோ, சினிமாவில் கதாநாயகி இறந்துபோனாலோ, கன்னம் இரண்டும் கரிக்கோடு.

இதைவிடப் பெரிய ஆபத்தும் வந்தது. 1933-ல் 'லாஷ் லூர்' என்ற இமைச் சாயம் அமெரிக்காவில் விற்றது. அதிலிருந்த ரசாயனம் கண்ணைப் புண்ணாக்கியது. பார்வை இழந்தவர்கள் உண்டு. ஒரு பெண் இறந்தும் போனாள். அந்தச் சாயத்தைத் தடுக்கச் சர்க்காரிடம் சட்டமே இருக்கவில்லை! இத்தகைய விபரீதங்களின் பிறகுதான் 1938-ல் அழகுப் பொருள்களும் மத்திய சட்டத்தின் பிடிக்குள் வந்தன. கண்ணுக்கு இடுவதை விற்கும் ஒவ்வொருவரையும் ஜனங்கள் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது.

கரையாத மையை முதலில் சாதித்துக் காட்டியவர் வியன்னாவைச் சேர்ந்த ஹெலனே வின்டர்ஸ்டைன் என்ற பாடகி. மேடை விளக்கின் வெப்பத்தில் தம்முடைய மை உருகி வழிந்ததைப் பொறுக்காமல், தாமே ஆராய்ந்து 1935-ல் காப்புரிமை பெற்றார். அந்த வகை மையை ஊரறியச் செய்த வித்தை ஹெலினாவுடையது. 1939-ல் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் தண்ணீருக்கு அஞ்சாத மையை அவர் அறிமுகப்படுத்தினார். நீச்சல் நடனமாடிய பெண்கள் தண்ணீருக்குள் மூழ்கி எழுந்தார்கள். இமை கறுத்தபடியே இருந்தது! ஆயிரம் விளம்பரம் எழுதினாலும் இதற்கு ஈடாகுமா?

வியாபாரத்தில் அவர் காட்டிய சாமர்த்தியத்துக்கு ஒரே ஓர் உதாரணம். 1928-ல் தம்முடைய அமெரிக்கக் கம்பெனியை லேமன் பிரதர்ஸ் என்ற பாங்கிக்காரர்களுக்கு 73 லட்சம் டாலருக்கு விற்றார். அவர்கள் சரக்கை மலிவாக்கி எல்லாக் கடைகளிலும் குவித்தார்கள். 1929-ல் பங்குச் சந்தை சரிந்தது. சிறு பங்குதாரர்களாயிருந்த பெண்களுக்கு ஹெலினா கடிதம் எழுதி அவர்களைக் கிளப்பிவிட்டார். தாமும் மெல்ல மெல்லப் பங்கு வாங்கினார். சுமார் 15 லட்சம் டாலரில் கம்பெனி மறுபடி அவர் கைக்கு வந்துவிட்டது!

கிராக்கோவில் நடந்தது

1938-ல் டைட்டஸுடன் இருந்த பந்தம் முடிந்து, ஜார்ஜிய இளவரசர் குரியெல்லியை மணந்தார். பலூன்கள் பறந்த அதே 1941-ல், பார்க் அவென்யூவில் ஒரு வீடு கேட்டார். யூதருக்குக் கொடுப்பதில்லை என்றார்கள். கட்டடம் முழுவதையும் விலைக்கு வாங்கிக் குடியேறினார்.

எல்லா இடத்திலும் பணம் செல்லவில்லை. கிராக்கோ நாஜிகளிடம் சிக்கியிருந்தது. சகோதரிகளில் பலரைத் தம் கடைகளில் வேலை கொடுத்து வெளிநாடுகளுக்கு அழைத்துக்கொண்டிருந்தார் ஹெலினா. போலந்திலேயே தங்கிவிட்ட ரெகினா மட்டும் நாஜிகளால் கொல்லப்பட்டார். யுத்தம் முடிந்து பாரிஸ் திரும்பியபோது, ஜெர்மானியர் குடியிருந்த தம் வீடு பாழாகிக் கிடப்பதைக் கண்டார். எழுபத்திரண்டு வயதில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

அவருடைய கம்பெனியிலிருந்து வந்த கண் மைகளில் பெரிய காரியம் 1957-58-ல் நடந்தது. 'மஸ்காரா-மாட்டிக்' என்று பெயர். வில்லையும் கிடையாது, தண்ணீரும் கிடையாது, எச்சிலும் கிடையாது. பேனாவைப்போல் ஓர் உலோகக் குழல். உள்ளே குழம்பான மை. மூடியோடு சேர்ந்த ஒரு கம்பி. கம்பியின் முனையில் வரி வரியாகப் பள்ளங்கள். வெளியே இழுக்கும்போது குழலின் கழுத்து அதிகப்படியான மையை வழித்துவிடும். பள்ளங்களில் தங்கியது மட்டும் இமைக்குப் போகும். அளவு பார்க்கும் வேலையைக் கருவியே செய்துவிடுகிறது! கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகிறவளுக்கும் இப்போது நாடகக்காரியின் கண் கைக்கெட்டியது. இன்று கடைகளில் விற்கும் மஸ்காராக் குழல்களெல்லாம் அந்த ஏற்பாட்டின் வாரிசுகளே. கம்பிக்குப் பதில் சிறு பிரஷ் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வெற்றி வந்த அந்த வேளையில் வீட்டில் இடி விழுந்தது. இளவரசர் 1955-லேயே காலமாகிவிட்டார். 1958-ல் இளைய மகன் ஹோரஸ், மோட்டார் விபத்தை அடுத்து மாரடைப்பால் இறந்தார். தாயும் மகனும் வாழ்நாளெல்லாம் மோதிக்கொண்டவர்கள். செய்தி கேட்டுத் தாயார் படுத்த படுக்கையானார். எழுந்ததும் போன இடம் ஆபீஸ்தான்.

கண்ணாடி காட்டாத முகம்

பிகாசோ முதல் டாலி வரை பெயர் பெற்ற ஓவியர்கள் பலர் ஹெலினாவை வரைந்திருக்கிறார்கள். அவர்களில் கிரஹாம் சதர்லாண்ட் என்ற ஆங்கில ஓவியரின் கதை சுவையானது. ஓவியத்துக்காக அமரவேண்டிய நாட்களில் ஹெலினா தடுக்கி விழுந்து கண்ணைச் சுற்றிக் கன்றிப்போயிற்று. அதை மறைக்க நீலமும் பச்சையும் கறுப்புமாகக் கனக்கத் தீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சதர்லாண்ட் அந்த முகத்தைக் கண்டதும், அதுவரை போட்ட கோட்டையெல்லாம் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். 1957-ல் படம் முடிந்தது. சிவப்பு உடையில், கழுகுப் பார்வையோடு, இளக்கம் இல்லாத கிழவி! பார்த்ததும் ஹெலினா திடுக்கிட்டார், படத்தை வெறுத்தார். லண்டனில் அது காட்சிக்கு வந்து பிரமுகர்கள் புகழ்ந்த பிறகுதான் சமாதானமடைந்தார். மற்றவர்களின் சுருக்கத்தை மறைத்தே பெரும்பணம் சேர்த்தவர், தம்முடைய சுருக்கங்களை ஊர் பார்க்கச் சுவரில் மாட்டவிட்டது சாமானியமான காரியமல்ல.

பிகாசோவின் சித்திரங்களை வாங்கிக் குவித்த அதே அம்மையார், மத்தியானச் சாப்பாட்டுக்குக் காகிதப் பையில் கோழிக் காலை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வருவார். நகைகளை ஆங்கில அகரவரிசைப்படி பீரோவில் அடுக்கி வைத்திருந்தார். 1964-ம் ஆண்டு மே மாதம், ரோஜாப்பூ கொண்டுவந்தவர்களைப்போல் மூன்று திருடர்கள் வீட்டுக்குள் புகுந்து துப்பாக்கியைக் காட்டினார்கள். தொண்ணூற்றொரு வயதுக் கிழவி படுக்கையில் இருந்தபடியே பெட்டகச் சாவியை ரவிக்கைக்குள் மறைத்தார். நான் கிழவி, கொல்வதானால் கொல்லுங்கள், கொள்ளையடிக்க மட்டும் விடமாட்டேன் என்ற பாவனையில் உட்கார்ந்துவிட்டார். திருடர்களுக்குக் கிடைத்தது சுமார் நூறு டாலர். ரோஜாப்பூ வாங்கிய செலவு போக மிச்சம் என்னவோ!

மறு ஆண்டு 1965 ஏப்ரல் 1-ந் தேதி நியூயார்க்கில் ஹெலினா காலமானார். முந்தின நாள்கூட ஆபீஸ் காகிதங்களைப் பற்றிய கவலைதான் அவருக்கு. வயதைக் குறைத்துக் குறைத்துச் சொன்னதில் எது உண்மை என்று பத்திரிகைக்காரர்களுக்கு விளங்கவில்லை. அவருக்கு ஆகியிருந்தது 92. தொண்ணூற்று நான்கு என்று அச்சிட்ட பத்திரிகையும் உண்டு.

1966-ல் அவருடைய சித்திரங்களும் நகைகளும் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் எலிசபெத் ஆர்டனும் கண்மூடினார்.